எஞ்சின் மூச்சை இழுக்கும் நேரம்

“மாமா, ரயில் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கே, அது எப்ப மூச்சை உள்ள இழுக்கும்?”

எக்ஸ்ரேக்காரரின் தங்கை மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்து, சொல்லுக்குச் சொல் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது ‘கேள்வி’ என்றுதான். ‘கேள்வி சாப்பிட்டாச்சா?’, ‘கேள்வி தூங்கிட்டாளா?’ என்றே பேச்சு நடக்கும். விடுமுறை நாளெல்லாம் கேமராவும் கையுமாக அலைகிற மாமா அன்றைக்கு எடுத்து வந்திருந்த நீராவி எஞ்சின் படங்களை அவள் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எல்லாப் படத்திலும் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒன்றில்கூட உள்ளே இழுக்கவில்லை.

வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டுக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். எக்ஸ்ரேக்காரரால் அப்படிப் போக முடியவில்லை. அவர் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் ஓடுகிறது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் நின்று, காலையிலிருந்து மாலைவரை அவர் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “நல்லா இழுங்க... புடிங்க... விடலாம்.” மார்பைப் படம் எடுக்க வேண்டுமானால் நோயாளி மூச்சை நிறைய இழுத்திருக்க வேண்டும். விட்ட நேரத்தில் எடுத்துவிட்டால் இருக்கிற நோய் தெரியாது, இல்லாத நோய் தெரியும். அவர் தூக்கத்தில்கூட இதைச் சொல்வதாகவும், ஒரு நாள் தானும் அரைத்தூக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘விடலாம்’ வரும்வரை காத்துக்கிடந்ததாகவும் அவர் மனைவி சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர், இத்தனை எஞ்சின்களை எடுத்தும் எல்லாவற்றையும் மூச்சு விடும் நேரத்திலேயே எடுத்து வைத்திருக்கிறார்! தொழிலில் இப்படிச் செய்தால் டாக்டர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

“தெரியலையேம்மா. கண்டுபிடிச்சுச் சொல்றேன்” என்றார்.

நூலகத்தில் தேடிப் பிடித்தும் விட்டார். நீராவி புகைபோக்கி வழியாக மேலே பாய்கிறபோது, பின்னாலேயே எஞ்சினின் வயிற்றிலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப, நெருப்புக்கு அடியிலிருக்கும் கதவு வழியே புதுக் காற்று நுழைகிறது. ஆக, எஞ்சின் மூச்சு விடும் அதே நொடியில்தான் இழுக்கவும் செய்கிறது. அவர் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கேள்வியிடம் இதைச் சொன்னார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டாள்.

“நீங்க பாத்தீங்களா மாமா?”

“புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“அது சரி. நீங்க பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த ஒவ்வொரு படத்தையும் அவள் வாங்கிப் பார்த்து, “இதுவும் விடறதுதான்” என்று ஓரமாக வைப்பாள். குறை சொல்கிற குரலில் இல்லை. காய்கறிக் கடையில் முற்றல் வெண்டைக்காயை ஒதுக்கி வைப்பதுபோல. விழுந்த பற்கள் முளைத்தன. கண்ணாடி போட ஆரம்பித்தாள். கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பழைய ரயில் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே நீராவி எஞ்சினின் கொதிகலனுக்குக் கொடுத்திருந்த கெடு முடிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம். மறுநாளே கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாவற்றையும் சோதித்துத் திரும்பப் பூட்ட வருஷக்கணக்காகும்.

“அதுக்குள்ள இந்தக் கேள்வி எனக்கே மறந்துடும் மாமா” என்றாள் கேள்வி, செருப்பை மாட்டிக்கொண்டே. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை உறுத்தியது. ஒரு குழந்தை கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராது என்று பழகிப்போவது சின்ன விஷயமில்லை என்று நினைக்கிற மனிதர் அவர். போனால் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் இல்லை.

அந்தப் பாதை எல்லா ஊருக்கும் ஒதுக்குப்புறமாக, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய மலையடிவாரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் மேலேயிருந்து கல் இறக்குவதற்காகப் போட்டது. கல் வெட்டுவது நின்றதும் புதர் மண்டிக் கிடந்ததைச் சிலர் சேர்ந்து சுத்தம் செய்து, ஞாயிறுதோறும் ரயில் விடுகிறார்கள். சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூட அங்கே கிடையாது. வாரம் முழுக்கப் பல் பிடுங்குகிற டாக்டர் ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓட்டுவார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்தான் கார்டு. பச்சைக் கொடியும் விசிலும் கையில் வந்ததிலிருந்து பயணிகளையெல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்துவார். நெருப்புப் பார்ப்பது பேக்கரி வைத்திருக்கும் அம்மா. வாரம் முழுவதும் ரொட்டி அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் அடுப்பு. “வீட்டு அடுப்புதான் எனக்கு ஒத்து வரலை” என்பார்.

எஞ்சினுக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியக்கா. கூட ஒரு டீசல் எஞ்சினும் உண்டு. “அது மூச்சு விடாதுங்க, இருமும்” என்று அதை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

எக்ஸ்ரேக்காரர் போய் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அதற்குள் பிளாட்பாரம் நிறையப் படம் எடுக்கிறவர்கள். அவர்களில் மூத்தவரை ‘முக்காலி’ என்பார்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியை விரித்து வைத்தாரானால் கடவுளே வந்து கேட்டாலும் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார்.

“என்னய்யா, இன்னிக்கும் ஒத்தைக் கேமராவா? பெரியக்காவுக்குக் கடைசி நாள். கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வர வேணாமா?”

“ஒண்ணு போதும். நான் இன்னிக்குக் கயித்துக்கிட்டயே வரலை.”

முக்காலி திடுக்கிட்டுப் போனார். அங்கே கயிறு என்பது பெரிய விஷயம். மலைப்பாதையில் வளைவைத் தாண்டிய பாலத்துக்கருகே, தண்டவாளத்துக்கு இணையாக ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருப்பார்கள். படம் எடுக்கிறவர்கள் அதன் பின்னால் வரிசையாக நின்றுகொள்ள வேண்டும். இவர்களுக்காகவே ரயில் நின்று நிதானித்து, புகையைச் சேர்த்துக்கொண்டு பாலத்தின்மேல் பாய்ந்து வரும். கயிற்றுக்கு முன்னால் யாருடைய விரல் நீண்டாலும் அது அத்தனை பேர் படத்திலும் விழும். அப்படி ஒருமுறை தொப்பியை நீட்டியவரோடு இன்றுவரை பாதிப்பேர் பேசுவதில்லை.

“கயித்துக்கிட்ட வராம என்னத்தை எடுப்பீங்க?”

“அது மூச்சை இழுக்கறதை.”

முக்காலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பேசாம உங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மெஷின் முன்னாடி நிறுத்துங்க. சட்டையை மட்டும் கழட்டச் சொல்லிடுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எக்ஸ்ரேக்காரரும் சிரித்துவிட்டு எஞ்சின் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

பேக்கரி அம்மா எஞ்சினின் பக்கவாட்டுப் பித்தளையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏற்கெனவே கரி. கழுத்தில் சிவப்புக் கம்பளித் துண்டு. எக்ஸ்ரேக்காரர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். எங்கே சிரித்துவிடுவாரோ என்று பயம். பேக்கரி அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“கேட்டது பொண்ணா பையனா?”

“பொண்ணு. தங்கச்சி மக.”

“கெட்டிக்காரிதான். எங்க கடை அடுப்பும் இதே மாதிரிதாங்க. மேல் கதவைத் திறந்தா மூஞ்சியில அனல் அடிக்கும். கீழ்க் கதவுல கையை வச்சா ஜில்லுன்னு இழுக்கும். இத்தனை வருஷமா கை வச்சிருக்கேன். அதை மூச்சுன்னு நினைச்சதே இல்லை பாருங்க!”

இருவரும் குனிந்தார்கள். எஞ்சினின் அடிவயிற்றில், முன்சக்கரத்துக்குப் பின்னால், சாம்பல் விழும் இரும்புத் தட்டு தொங்கியது. அதன் முகப்பில் முறம் அளவுக்கு ஒரு கதவு.

“இந்த வழியாத்தான் காத்துப் போகும். சரி, காத்துக்கு ஏது உருவம்? எதைப் போய் எடுப்பீங்க?”

எக்ஸ்ரேக்காரர் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். சாக்பீஸ் தூள். வீட்டில் உட்கார்ந்து இடித்துக் கொண்டுவந்தது. பேக்கரி அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “மாவுல பொழங்கறவ சொல்றேன், கேளுங்க. தூவினா பாதி தரைக்கு, மீதி உங்க மூக்குக்கு.”

பறவை இறகு, காகிதத் துண்டு என்று ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளினார்கள். கடைசியில் பேக்கரி அம்மா கழுத்துத் துண்டின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, பல்லால் கடித்து அறுத்து, அவரிடம் கொடுத்தார். “இதைப் புடிச்சுக்கிட்டு இருங்க” என்று மேலே ஏறிப்போய் ஒரு திருகைத் திருப்பினார். நிற்கிற எஞ்சினில் நெருப்பு அமிழ்ந்து போகாமலிருக்க, புகைபோக்கிக்குள் கொஞ்சம் நீராவியை ஊதிவிடும் குழாய் அது. மேலே உஸ் என்று சத்தம் கேட்டது. கீழே எக்ஸ்ரேக்காரரின் விரலில் தொங்கிய சிவப்பு நூல், யாரோ கூப்பிட்டதுபோல மெல்லத் திரும்பிக் கதவுக்குள் நீண்டு நின்றது.

“அம்மா! இழுக்குது! இழுக்குதும்மா!”

பேக்கரி அம்மா தடதடவென்று இறங்கி வந்து பக்கத்தில் குந்தினார். வயதான இருவர் தரையில் உட்கார்ந்து ஒரு நூலை வேடிக்கை பார்ப்பதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

“ஆனா இது மூச்சு இல்லைங்க” என்றார் எக்ஸ்ரேக்காரர். “விடாம இழுத்துக்கிட்டே இருக்கு.”

“ஓடறப்போதான் விட்டு விட்டு இழுக்கும். அதுவும் தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னுட்டுக் கிளம்பும் பாருங்க, அங்க ஏத்தம். பெரியக்கா பாரத்தோட ஒவ்வொரு மூச்சா வாங்கிக்கிட்டு நகரும். அங்க நின்னுக்கோங்க. நூலைக் கதவு விளிம்புல கட்டிடறேன். மலை ஏறறப்போ இந்தக் கதவைக் கொஞ்சமாத்தான் திறந்து வச்சிருப்போம். உங்களுக்காக நல்லா அகலமா திறக்கறேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?”

“இன்னிக்கு எனக்குப் பரீட்சை வேற” என்று பேக்கரி அம்மா சிரித்தார். “பரிசோதகர் ஒருத்தர் வந்து கூடவே நின்னு பாப்பாரு. தேறிட்டா, இனிமே நானே தனியா நெருப்புப் பாக்கலாம். இப்ப நம்ம பல் டாக்டர் பக்கத்துல நின்னு ‘கரி போடு, போதும், கதவைத் திற, மூடு’ன்னுக்கிட்டே இருப்பாரு. அவருக்கு அது தொழில் பழக்கம், பாவம்.”

“பரீட்சை அன்னிக்குப் போய்...”

“கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வச்சா குடியா முழுகிடும்? எனக்கும்தான் பாக்கணும்னு இருக்கு. போங்க, போய் இடம் புடிங்க.”

ரயில் கிளம்பி, காட்டு மரங்களுக்கு நடுவே நத்தைபோல ஏறி, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றது. எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லாரும் இறங்கிப் பாலத்துக்கு நடந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. முக்காலி முன்னால் ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம்.

“வரிசையா! வரிசையாப் போங்க! முந்தாதீங்க!” கார்டு வாத்தியார் கொடியால் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர், ஒருவர் மட்டும் நகராமல் நிற்பதைக் கண்டார். “நீங்க என்ன தனியா?”

“நான் இங்கயே நிக்கறேன் சார்.”

“இங்க என்ன இருக்கு? தொட்டி இருக்கு, தவளை இருக்கு.”

“எனக்கு எஞ்சினோட அடி வயிறு தெரியணும்.”

கார்டு வாத்தியார் பெருமூச்சு விட்டார். “அந்த மதகுச் சுவருக்குப் பின்னாடி இருந்துக்கோங்க. சுவரைத் தாண்டி ஒரு அடி வச்சீங்க, முட்டி போட வச்சுடுவேன்.”

“முட்டி போட்டுத்தான் சார் எடுக்கப் போறேன்.”

மதகு தண்டவாளத்தைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தது. இடுப்பளவு கல் சுவர். அதன்மேல் முழங்கைகளை ஊன்றிப் பார்த்தால், எஞ்சினின் அடிவயிறும் சாம்பல் தட்டும், மேலே புகைபோக்கியும் கேமராவின் ஒரே சட்டத்துக்குள் அடங்கின. சிவப்பு நூல் கதவு விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேலே எஞ்சின் அறையிலிருந்து பேக்கரி அம்மாவின் தலை ஒரு கணம் எட்டிப் பார்த்து மறைந்தது. கடக் என்று கதவு அகலத் திறந்தது. எக்ஸ்ரேக்காரர் வாய்க்குள்ளேயே ஒரு பிரார்த்தனை சொன்னார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பதில் கிடைக்கட்டும், அவ்வளவுதான்.

விசில் அடித்தது. பெரியக்கா நகர ஆரம்பித்தாள்.

நகர்ந்ததும் அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. நின்ற எஞ்சினுக்குள் தேங்கிக்கிடந்த தண்ணீரை வெளியேற்ற, சக்கரத்துக்கு அருகிலிருக்கும் குழாய்களை டாக்டர் திறந்துவிட்டார். வெள்ளை வெளேரென்று நீராவி தரையோடு பீறிட்டு, சக்கரத்தையும் சாம்பல் தட்டையும் நூலையும் சேர்த்து விழுங்கிவிட்டது. சட்டத்துக்குள் வெறும் பஞ்சு மூட்டை. ஒரு மூச்சுப் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. கதவு இருக்கும் இடம் மதகை நெருங்கிக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டால் திரும்பி வராது. அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பார்.

குழாய்கள் டப்பென்று மூடிக்கொண்டன. காற்று ஒரு பக்கமாக அடித்து வெள்ளையை விலக்கியது.

புகைபோக்கியின் வாயில் கறுப்பாக ஒரு பந்து திரண்டு எழும்பியது. அது எழும்பிய அதே நொடியில், கீழே சிவப்பு நூல் சட்டென்று உள்ளே பாய்ந்தது, குழந்தை நூடுல்ஸை உறிஞ்சுவதுபோல. பந்து கலைந்தது, நூல் தளர்ந்து தொங்கியது. அடுத்த பந்து, அடுத்த இழுப்பு. மேலே விட, கீழே இழுக்க. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட இல்லை. புத்தகம் சொன்னது உண்மைதான். ஆனால் புத்தகம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.

“நல்லா இழுங்க!” என்று எக்ஸ்ரேக்காரர் தன்னையறியாமல் கத்திவிட்டார். “இன்னும்! இன்னும் நல்லா!”

அதுவரை அவர் விரல் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சின் தாண்டிப்போன பிறகுதான், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. ‘விடலாம்’ என்று சொல்ல ஆளில்லாததால் தானே சொல்லிக்கொண்டு விட்டார்.

அப்போது காதைக் கிழிக்கும் சத்தத்தோடு எஞ்சினின் முதுகிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் வானத்துக்கு எழும்பியது. சேஃப்டி வால்வு திறந்துகொண்டது. அந்த ஆனந்தத்தில் அவருக்கு, பெரியக்காவே தன்னோடு சேர்ந்து கூவுவதுபோல இருந்தது. கையை ஆட்டினார். எஞ்சின் அறையில் டாக்டருக்குப் பின்னால் நின்ற பரிசோதகர், தொப்பியைக் கழற்றி வால்வை அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டதையும் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாலையில் ரயில் அடிவாரத்துக்குத் திரும்பியதும் முக்காலிதான் அதைச் சொன்னார். பாலத்துப் படம் நன்றாக விழுந்த பூரிப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“பேக்கரி அம்மா பாவம், தேறலையாம்.”

“யாரு சொன்னா?”

“பரிசோதகரே சொன்னாராம். தண்ணித் தொட்டிக்கிட்ட வால்வு ஊதுச்சில்ல? நெருப்பு தேவைக்கு மேல எரிஞ்சாத்தான் அப்படி ஊதும். நீராவியெல்லாம் வீணாப் போச்சு, ஏத்தத்துல பெரியக்கா திணறிட்டா. பரீட்சை அன்னிக்கு அது நடக்கலாமா? கதவு தொறந்து கிடந்துச்சாம். நல்லாத்தான் பாத்துக்கிட்டு வந்தாங்க, அங்க மட்டும் என்ன ஆச்சோ!”

எக்ஸ்ரேக்காரருக்கு வாயிலிருந்த மிட்டாய் கசந்தது. அங்கே என்ன ஆயிற்று என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

கொட்டகைக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு நடுவே வெட்டிய குழியின்மேல் பெரியக்காவை நிறுத்தியிருந்தார்கள். பேக்கரி அம்மா நீளக் கம்பியால் சாம்பல் தட்டை வழித்துக் குழிக்குள் தள்ளிவிட்டு, தண்ணீர் பீச்சி அணைத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

“வந்துச்சா?”

எக்ஸ்ரேக்காரர் கேமராவைக் காட்டினார். பேக்கரி அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கரி படாமல் எட்டிப் பார்த்தார். மேலே கறுப்புப் பந்து. கீழே உள்ளே பாயும் சிவப்பு நூல். கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“அட, ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்குது!”

“நான் போய் பரிசோதகர்கிட்டச் சொல்றேன்மா. தப்பு என்னோடது. நான் கேட்டுத்தானே கதவைத் திறந்தீங்க?”

“வேணாம்ணா. எஞ்சின்ல எதையும் கட்டக்கூடாதுங்கறது விதி. நீங்க வாயைத் திறந்தா நூல் கதையும் வெளிய வரும். அப்புறம் நெருப்பு என்ன, பித்தளை துடைக்கக்கூட விட மாட்டாங்க.”

“அதுக்காக...”

“இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. கதவைத் திறந்தா என்ன, முன்கூட்டியே நெருப்பைத் தணிச்சு வச்சிருந்தா வால்வு ஊதியிருக்காது. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அந்த நேரம் நான் நெருப்பைப் பாக்கவே இல்லை. வெளிய தலையை நீட்டி நூலைப் பாத்துக்கிட்டிருந்தேன்.” பேக்கரி அம்மா மூக்கைப் புறங்கையால் தேய்த்தார். மூக்கும் கறுத்தது. “அடுத்த வருஷம் ஏதோ இரவல் எஞ்சின் வருதாம். அப்பப் பாத்துக்கலாம். பரீட்சை எங்க போயிடப் போவுது?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குனிந்து கம்பியை எடுத்தபோது அவர் தோள்கள் சட்டென்று தொங்கிப்போனதை எக்ஸ்ரேக்காரர் கவனித்தார். உடம்பைப் படம் எடுக்கிறவர்களுக்கு முதுகும் தோளும் பேசுவது கேட்கும்.

அந்தச் சமயத்தில் கார்டு வாத்தியார் கொட்டகை மூலையிலிருந்து விசில் அடித்தார். “எல்லாரும் தேநீர் அறைக்கு வரணும்! பெரியக்காவுக்குக் கேக் வெட்டறோம். செஞ்ச கை யாரோடதோ, அந்தக் கைதான் வெட்டணும். பேக்கரி அம்மா, வாங்க! பரிசோதகரும் காத்துக்கிட்டிருக்காரு. முகத்தைத் தூக்கி வச்சுக்காம வாங்க!”

“சாம்பக் குழி அப்படியே இருக்கே” என்றார் பேக்கரி அம்மா. நெருப்புப் பார்த்தவரே குழியையும் அள்ளிக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். “சரி, வெட்டிட்டு வந்து அள்ளிக்கறேன். கடைசி பஸ் போனாப் போவுது, யாராவது வண்டியில விட மாட்டாங்களா? வாங்கண்ணா, நீங்களும்.”

“நீங்க போங்கம்மா. நான் கை கழுவிட்டு வரேன்.”

பேக்கரி அம்மா போனார். தேநீர் அறைக் கதவு திறந்து கலகலப்பை வெளியே விட்டு மூடிக்கொண்டது. கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை.

எக்ஸ்ரேக்காரர் கேமராப் பையை ஆணியில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். சுவரோரம் சாத்தியிருந்த, சாம்பல் அள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு, இரும்புப் படியில் மெல்லக் கால் வைத்துக் குழிக்குள் இறங்கினார்.

ஒரு நாள் முழுக்க எரிந்த கரியின் மிச்சம். நனைந்து, கூழாகி, கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மேலே ஆறியிருந்தாலும் அடியில் இன்னும் வெதுவெதுப்பு. முதல் தடவை வாரியபோதே தெரிந்துவிட்டது, ஈரச் சாம்பல் பார்வைக்கு இருப்பதைவிட எவ்வளவு கனம் என்று. தலைக்கு மேலே தூக்கி, குழி விளிம்பில் நின்ற தள்ளுவண்டியில் கொட்ட வேண்டும். பாதி வண்டியில் விழுந்தது, மீதி அவர் தலையில். கறுப்புத் தண்ணீர் காலருக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. அந்தக் கணுக்களின் பெயர்களெல்லாம் அவருக்குத் தெரியும். யாராவது வந்து இவரைப் படம் எடுத்தால் தேவலை போலிருந்தது.

வண்டி நிறைந்ததும் ஏறி, கொட்டகைக்கு அப்பாலிருந்த சாம்பல் மேட்டில் கவிழ்த்துவிட்டு வந்தார். மறுபடி இறங்கினார். உள்ளங்கையில் கொப்புளம் கண்டு, அதுவும் உடைந்தது. தேநீர் அறையிலிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. பேக்கரி அம்மாவின் சிரிப்பு அதில் தனியாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு முடிந்து அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டுமே என்று இவர் வேகம் கூட்டினார்.

இதனால் பேக்கரி அம்மா தேறிவிடப் போவதில்லை. அவர் காத்திருக்க வேண்டிய நாளில் ஒன்றுகூடக் குறையாது. அது எக்ஸ்ரேக்காரருக்குத் தெரியாதா என்ன? ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம். நேரத்தோடு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவர் அவர். தன் கையால் செய்யக்கூடியது அந்தக் குழியளவுதான் இருந்தது. அந்தக் குழியளவும் செய்தார்.

அடி தெரிந்ததும், மூலைகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினார். ஷவலையும் கழுவி, எடுத்த இடத்திலேயே சாத்தினார். வண்டியைக் கவிழ்த்து வைத்தார். குழாயடியில் முகத்தையும் கைகளையும் முடிந்தவரை தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. ஆண்டவன் பார்த்திருப்பான், அவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

தேநீர் அறைப் பக்கம் போனால் சட்டையே காட்டிக் கொடுத்துவிடும். ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சன்னலுக்குத் தெரியாதபடி கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க, சாலைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். அவர் மரங்களுக்குள் மறைவதற்கும் தேநீர் அறைக் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.